இரண்டு குழைகள்

வன்னியில் ஏற மலை ஏது என்று கேட்பவர்களோடு எனக்கு வாக்குவாதம். சனிக்கிழமைகளில் நண்பனோடு மோட்டார் சைக்கிளில், ஏற ஏதாவது தேடி, நினைத்த பக்கம் போவேன். அப்படித்தான் மல்லாவிக்கு அப்பால், காட்டுக்குள் அந்தப் பாறை கிடைத்தது. ஏறி முடித்தபோது அடியில் யானைகள் வந்து நின்றன. இறங்க வேறு வழியில்லை.

பாலைப்பழம் பொறுக்க வந்த ஒரு அம்மாவும் எங்கள் பின்னால் ஏறிவந்து அகப்பட்டுக்கொண்டார். சேலைக்கு மேல் ஆண்களின் நீளக்கைச் சட்டை, தலையில் துவாய். தின்னும் பழத்தின் பால் உதட்டில் ஒட்டுவதால், பேசுமுன் ஒவ்வொரு முறையும் வாயை அவசரமில்லாமல் ஆறுதலாகத் துடைப்பார். அதுவரை நாங்கள் காத்திருக்க வேண்டும்.

வெயில் ஏறியது. தண்ணீர் முடிந்தது. "இந்த யானையள் எப்ப போகும், அக்கா?" என்று நண்பன் மூன்றாம் முறையும் கேட்டான்.

அவர் வாயைத் துடைத்தார். "அதுகளிட்டைத்தான் கேக்கவேணும், தம்பி. காட்டுக்கு வாற ஒவ்வொரு ஆளும் பாதை தொடங்கிற மரத்திலை ஐயனாருக்கு இலையோடை ஒரு குழை முறிச்சுக் கட்டவேணும். அப்பதான் யானை விலகும். மோட்டச்சைக்கிளிலை ரெண்டு ஹெல்மெட் தொங்கினது, மரத்திலை ஒண்டும் இல்லை. நான்தான் உங்களுக்குக் கட்டிப்போட்டு வந்தனான்."

நண்பன் சிரிப்பை அடக்கினான். எனக்குச் சிரிக்கவும் பயமாக இருந்தது.

பொழுது சாயுமுன் யானைகள் விலகின. அவர் பழம் பொறுக்க நின்றுவிட்டார். நாங்கள் ஓடாத குறையாக வெளியே வந்தோம்.

பாதை தொடங்கும் மரத்தில் வாடிய குழைகள் இரண்டு இருந்தன. சுற்றி வந்து பார்த்தேன். மூன்றாவது இல்லை.

காட்டைப் பார்த்து, "அக்கா" என்று கூப்பிட்டேன். வாயைத் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார் என்று காத்து நின்றேன்.