டோக்கன் பூபதியின் படப்புத்தகங்கள்

பதினேழாம் எண்ணை அழைத்துவிட்டுப் பூபதி மறுபடியும் தரையில் சம்மணமிட்டு உட்கார்கிறார். படம் பிள்ளைகள் பக்கம் தெரியும்படி புத்தகத்தை மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொள்கிறார். தான் பார்க்க வேண்டுமென்றால் கழுத்தை வளைத்து மேலிருந்து எட்டிப் பார்க்கிறார். பனி மூடிய வெட்டவெளியில் கொம்புகள் கிளைத்த மான்கள் கூட்டமாகப் போகின்றன. நீலச் சட்டை போட்ட ஒரு சிறுமி அவற்றின் பின்னால் சறுக்கிக்கொண்டே போகிறாள்.

"இந்தச் சனத்துக்கே சாமின்னுதான் பேரு, சாமி," என்கிறார் பூபதி.

காய்ச்சலில் அம்மாவின் மடியில் சுருண்டு கிடந்த குழந்தை ஒன்று ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கிறது.

சேலம் அஸ்தம்பட்டியில், ஏற்காடு போகும் சாலையை ஒட்டி இருக்கிறது டாக்டர் சந்திரசேகரின் குழந்தைகள் மருத்துவமனை. அங்கே பன்னிரண்டு வருடங்களாக டோக்கன் கொடுப்பவர் பூபதி. வயது நாற்பத்து நான்கு. மோகனூர்ப் பக்கம் கரும்பு போடும் குடும்பம். வயலை அண்ணன் பார்த்துக்கொள்கிறார். முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டிருப்பார். காதில் ஒரு பென்சில். கதை சொல்லும்போது குரல் கிசுகிசுப்புக்கு மேல் எழும்பாது. கேட்க வேண்டுமென்றால் பிள்ளைகள் நகர்ந்து நகர்ந்து அவர் முழங்காலுக்கு வந்துவிட வேண்டும். ஏன் இப்படி என்று ஒரு தாய் கேட்டதற்கு, "சத்தமாச் சொன்னா கதை எந்திரிச்சு ஓடிப்போயிருமுங்க," என்றார்.

புத்தகங்கள் டாக்டரின் தங்கை கொண்டுவருபவை. நார்வேயில் மழலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறார் அவர். ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் ஏழெட்டுப் படப்புத்தகங்கள் இருக்கும். பெரும்பாலும் உலகத்தின் ஆதிக்குடிகளைப் பற்றியவை, நார்வேயின் வடக்கே மான் மேய்க்கும் சாமி மக்களைப் போல. பூபதிக்கு ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். படத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த மக்கள் தங்களை என்ன பெயரில் சொல்லிக்கொள்கிறார்களோ, அதைத் தங்கையிடம் கேட்டு அட்டையில் தமிழில் பென்சிலால் எழுதி வைப்பார். சாமி. இனுவிட். மாவோரி. ஒரு புத்தகத்தில் முதலில் எஸ்கிமோ என்று எழுதியிருந்தார். அது பிறர் வைத்த பெயர் என்று தெரிந்ததும் தாள் கிழிகிற அளவுக்கு அழித்தார். "பேரைத் தப்பாக் கூப்பிட்டா டோக்கன் வேற புள்ளைக்குப் போயிருமுங்க," என்பது அவர் நியாயம்.

அவர் சொல்லத் தொடங்கினால் அந்தக் கூடத்தில் என்னவோ நடக்கும். மருந்து வாசனை இருக்கும், மின்விசிறி கிறீச்சிடும், வெளியே பேருந்துகள் ஒலி எழுப்பும். எல்லாம் இருக்க, எல்லாமே கொஞ்சம் தள்ளிப்போனது போலத் தோன்றும். காட்டாற்றங்கரையில் தூளியில் படுத்துறங்கும் மக்களின் படம் வந்தால், தூளியை ஆட்டுவது போலப் புத்தகத்தை மெல்ல ஆட்டுவார். பனிக்கட்டியில் கட்டிய வீட்டின் படத்தின் மேல் சுடுகிற உள்ளங்கையை வைத்துக்கொண்டு சில பிள்ளைகள் தூங்கியே போயிருக்கின்றன. தாய்மார்களும் தங்கள் எண் வந்தது தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

போன ஐப்பசியில், விடாத மழை நாள் ஒன்றில், அவர் தன் கைக்காசில் வாங்கிய ஒரே புத்தகத்தை எடுத்தார். ஊரில் நடந்த புத்தகக் கண்காட்சியில் ஆசைப்பட்டு வாங்கியது. தமிழ்ப் புத்தகம், நம் பக்கத்து மலைவாசிகளைப் பற்றியது. இலையாடை, தலையில் இறகு, கையில் ஈட்டி. நெருப்பைச் சுற்றி ஆட்டம். பூபதி அதற்கும் குரலைத் தாழ்த்தி, கண்ணை அகல விரித்து, பிள்ளைகளை அந்தக் காட்டுக்குள் கூட்டிப்போனார்.

முன்வரிசையில் அபிநயா என்ற ஐந்து வயதுச் சிறுமி இருந்தாள். ஏற்காட்டுக்கு மேலே ஒரு சிற்றூரிலிருந்து தாய் பொன்னாயியோடு வந்திருந்தாள். சேர்வராயன் மலையில் தலைமுறைகளாக வாழ்கிற மலையாளிப் பழங்குடிக் குடும்பம். அந்தப் பெயருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை. பொன்னாயி காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர்.

பேச்சுவாக்கில் எந்த ஊர் என்று யாரோ பொன்னாயியைக் கேட்டார்கள். மலை என்று அவர் சொன்னதும், கழுத்தில் துண்டு சுற்றியிருந்த ஒரு சிறுமி அபிநயாவை ஏற இறங்கப் பார்த்தாள். உன் இறகெல்லாம் பைக்குள் இருக்கிறதா என்று கேட்டாள். கேலியாக இல்லை, பார்க்க ஆசைப்பட்டுத்தான் கேட்டாள். பெரியவர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். அபிநயா தன் மஞ்சள் சட்டையைக் குனிந்து பார்த்தாள். பிறகு தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து உள்ளிருந்து டாக்டர் கூப்பிட்டார். பூபதி போய்விட்டுத் திரும்பியபோது தாயும் மகளும் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது. அவர்களுடைய இருபத்து மூன்றாம் எண் அட்டை மேசை மேல் இருந்தது.

குழந்தைக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். குறித்து வைத்ததே அவர்தான். குடை எடுக்கக்கூடத் தோன்றாமல் ஓடினார். பேருந்து நிறுத்தத்தில் பொன்னாயி பிள்ளையைத் தோளில் போட்டு, முந்தானையால் மூடி நின்றிருந்தார். ஏற்காட்டுப் பேருந்து தூரத்தில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அம்மிணி, கோவத்தை எம்மேல வச்சுக்குங்க. புள்ளையக் காட்டிட்டுப் போங்க."

"கோவமெல்லாம் இல்லீங்க," என்றார் பொன்னாயி. "நாளைக்கு இவ வந்து நாம யாரும்மான்னு கேட்டா, நான் அந்தப் புத்தகத்துல எந்தப் பக்கத்தைக் காட்டறது?"

மழை பூபதியின் கண்ணாடியில் வழிந்தது. பேருந்து வந்து நின்றது, நடத்துநர் விசிலடித்தார். பொன்னாயி பிள்ளையின் மூக்கருகே காதை வைத்து மூச்சைக் கேட்டார். பேருந்து போனது. அவர் மருத்துவமனைப் பக்கம் திரும்பி நடந்தார். இரண்டடி பின்னால் பூபதி நனைந்தபடி வந்தார்.

பிள்ளையின் நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மலைக்குப் போயிருந்தால் அன்றைக்கே மூச்சு முட்டியிருக்கும் என்றார் டாக்டர். நான்கு நாள் உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். ஆவி பிடிக்கும் கருவி முனகிக்கொண்டிருக்க, பொன்னாயி அலமாரியிலிருந்து பனிநாட்டுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் மான்களோடு நின்ற மக்களின் மேல் விரலை வைத்தார்.

"இவுங்களும் எங்கயாச்சும் ஒரு ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டுத்தான் உக்காந்திருப்பாங்க," என்றார்.

தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான். பக்கத்தில் நின்ற பூபதிக்கு அது இறங்கிய இடம் வேறு. பெயரைச் சரியாக எழுதிவிட்டோம் என்ற திருப்தியில், அந்த மக்களை எல்லாம் ஒரே பனியில், ஒரே தூளியில் பன்னிரண்டு வருடம் அசையாமல் வைத்திருந்துவிட்டோமே என்று நினைத்தார். தான் வாங்கிய புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் கதையே சொல்லவில்லை. பிள்ளைகள் முழங்காலைத் தட்டினால், தொண்டை சரியில்லை என்றார்.

பிறகு ஒருநாள் டாக்டரிடம் கேட்டு, நார்வேத் தங்கையிடம் தொலைபேசியில் பேசினார். அந்த நீலச் சட்டையைத் தினமும் போடுவார்களா என்று விசாரித்தார். கல்யாணம், திருவிழா, பள்ளியில் விசேஷ நாள் என்றால் போடுவார்கள். மற்ற நாளில் எல்லோரையும் போலக் குளிர்ச் சட்டைதான் என்று பதில் வந்தது. மான் மேய்க்கிறவர்கள் பனியில் ஓடும் மோட்டார் வண்டியில் போவார்கள். தன் வகுப்பில் இரண்டு சாமிப் பிள்ளைகள் உண்டு, ஒன்றுக்கு இன்றைக்குச் சளி என்றும் சொன்னார். பூபதி காதிலிருந்த பென்சிலை எடுத்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவருடைய பனிநாட்டில் மோட்டார் வண்டி ஓடுகிறது. மான்கள் அதைக் கண்டு மிரளுவதில்லை. நீலச் சட்டைச் சிறுமிக்குத் தும்மல் வருகிறது. மருந்து கசக்கிறது என்று அடம்பிடிக்கிறாள். கதையின் மயக்கம் குறைந்துவிடுமோ என்று பயந்தார். பிள்ளைகள் என்னவோ முன்னைவிட நெருங்கித்தான் உட்கார்ந்தார்கள்.

கார்த்திகைக் கடைசியில் அபிநயா மறுபரிசோதனைக்கு வந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. பூபதி கையில் புத்தகம் எதையும் எடுக்கவில்லை. அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, உங்கள் ஊரில் இப்போது என்ன நடக்கிறது என்று பெரியவர்களிடம் கேட்பது போலக் கேட்டார். அவள் தாயைப் பார்த்தாள். பொன்னாயி தலையசைத்தார்.

"எங்க ஊட்டுக்குள்ள மேகம் வரும்," என்றாள் அபிநயா. "கதவைச் சாத்தலைன்னா டிவிக்குப் பின்னாடி போயி உக்காந்துக்கும். எங்கப்பா பைக்கைக் கூட மூடிரும். அப்ப ஹாரன் மட்டும் கேக்கும்."

சுற்றியிருந்த பிள்ளைகள் நகர்ந்தன. ஒரு கைக்குழந்தை அவள் பக்கம் தவழ்ந்தது. மேகம் சில்லென்று இருக்குமா என்று ஒருத்தி கேட்டாள். இருக்கும் என்று சொன்ன அபிநயா, உள்ளே வந்த மேகம் என்னென்ன செய்யும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.

உள்ளே டாக்டரின் மணி ஒலித்தது. அவளுடைய முறைதான். இரண்டாம் தடவையும் ஒலித்தது. பூபதி அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கதவுப் பக்கமாக உள்ளங்கையை உயர்த்திப் பிடித்தார்.