புயல் அன்று ஓடாத எபிசோடு

ஏழரை மணி சீரியலின் எபிசோடு பட்டியலை, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஒரு தளத்தில் நான்தான் சரிபார்த்து வருகிறேன். அம்மாவின் போனில், அம்மாவுக்குத் தெரியாமல்.

புயல் அன்று சீரியல் போடவில்லை. அது தெரியாத ஒருவர் காலண்டரைப் பார்த்து அந்தத் தேதிக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டார். அதிலிருந்து எல்லா எண்ணும் தப்பு. மூன்று முறை திருத்தினேன், மூன்று முறையும் பழையபடி மாற்றிவிட்டார்.

இன்று மிரட்டலே வந்துவிட்டது: "ஆதாரம் இல்லாமல் இன்னொரு முறை கைவைத்தால் உங்கள் கணக்கை முடக்கச் சொல்வேன்."

பயந்துபோய், ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"ஏம்மா, புயல் அன்னிக்கு சீரியல் போட்டாங்களா?"

"இன்னாத்த போட்டான்? எண்ணூர்ல கடலு ரோட்டுக்கு வந்துச்சுன்னு, கரண்டு போற வரிக்கும் நியூஸ்தானே காட்டிகினு இருந்தான். ஆமா, பரீட்சைய வச்சிகினு உனக்கு இன்னாத்துக்குடி அது?"

எனக்கு இருக்கும் ஒரே சாட்சி அம்மா. சாட்சிக்குக் கூப்பிட்டால் போனே போய்விடும்.

அன்று உங்கள் வீட்டிலும் நியூஸ்தான் ஓடியதா? அந்தத் தளத்தில் போய் ஒரு வரி எழுதுங்களேன்.

இந்தப் பதிவுக்கு மட்டும் லைக் போடாதீர்கள். போன் சத்தம் போட்டால் பக்கத்தில் தூங்கும் அம்மா எழுந்துவிடுவாள்.