இளவரசனின் இரண்டு வருடங்கள்

எழுபதுகளில், சிட்லபாக்கம் வீட்டில், வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த ஒரு மாயாஜாலத் தொடர்கதையோடு நான் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஊரை விட்டு ஒரு மாயத் தீவுக்குக் கிளம்பும்போது இளவரசனுக்குப் பதினாறு வயது. ஒரே வருடத்தில் திரும்பி வருகிறான், வயது பத்தொன்பதாம்! பறக்கும் குதிரையைக்கூட நம்பிவிடலாம், இந்தக் கணக்கை எப்படி நம்புவது? எழுதியவரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன். அப்பாதான் அவருக்கு வக்காலத்து வாங்குவார்.

"அந்தத் தீவுல காலம் வேகமா ஓடுதோ என்னவோ, விடும்மா."

அந்த வருடமே அப்பாவுக்கு ஆபீசில் ரிடையர்மென்ட் ஆர்டர் வந்தது. அம்மா பதறிப்போனாள்.

"உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே!"

"அஞ்சு வயசு ஆகலைன்னு, ஸ்கூல்ல சேர்க்கறப்ப வாத்தியார் ரெண்டு வயசு கூட்டிப் போட்டுட்டார். ஆபீசுக்கு அதுதான் கணக்கு."

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி இன்னும் படித்துக்கொண்டிருந்தான். தினமும் தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஓடிய அப்பா, இப்போதும் காலையில் ஷேவ் செய்துகொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பொறுக்காமல், அந்த பைண்டு புத்தகத்தை எடுத்துப்போய்ப் பழைய சண்டையை ஆரம்பித்தேன்.

"அப்பா, அந்த ரெண்டு வருஷம் எங்கதான் போச்சு?"

அப்பா புத்தகத்தைத் தொடவில்லை.

"அவனையும் யாரோ சீக்கிரமா ஸ்கூல்ல சேர்த்திருப்பாங்கம்மா" என்றார்.