முதலாளியின் பாட்டனாரைத் தேடிய எங்கள் அப்பா

எங்கள் அப்பா யாழ்ப்பாணத்துக் கைதடியில் பிறந்து சுவிட்சர்லாந்தின் துன் ஏரிக்கரையில் கண்மூடினார். இடையில் ஒரு வருடம் முழுக்க இங்கிலாந்துத் தேவாலயங்களின் பழைய பதிவேடுகளுக்குள் குடியிருந்தார். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது.

ஊரில் அப்பா, ஆங்கிலத்தில் எழுதிய பழைய காணி உறுதிகளை, அதாவது நிலப் பத்திரங்களை, வாசித்துப் பதியும் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்து, துன்னில் ஒரு ஹோட்டலின் சமையல் குசினியில் கோப்பை, தட்டு கழுவினார். அம்மாவும் நானும் கொழும்பில் காத்திருந்தோம். எங்களைத் தன்னிடம் கூப்பிட ஹோட்டல் முதலாளியின் ஆதரவுக் கடிதம் தேவைப்பட்டது.

முதலாளிக்கோ வேறு தேவை இருந்தது. அவருடைய தாய்வழிப் பாட்டனார் இங்கிலாந்தில் ஒரு மாளிகையிலிருந்து வந்தவராம், ஆகவே பிரபுவாம். அந்த நம்பிக்கையில் சிங்கச் சின்னம் ஒன்றை வரைவித்து, ஹோட்டல் தட்டுகள் எல்லாவற்றிலும் பதித்துவிட்டார். ஆதாரம் மட்டும்தான் பாக்கி. பழைய ஆங்கிலக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் தன் குசினியிலேயே நிற்கிறார் என்று அறிந்ததும், அப்பாவை மேசைக்கு அழைத்தார்.

அப்பா அந்தத் தேடலைக் கலியாணம் பேசுவதுபோலவே நடத்தினார். தாய் வழி என்ன, தகப்பன் வழி என்ன, எந்த ஊரில் சம்பந்தம் செய்தார்கள் என்று இங்கிலாந்துத் தேவாலயங்களுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக் குடைந்தெடுத்தார். ஒரு பாதிரியார், "உங்களுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் என்ன உறவு?" என்று கேட்டெழுத, "இதுவரை ஒன்றுமில்லை" என்று பணிவாகப் பதில் போட்டாராம்.

கடைசியில், அந்தப் பாட்டனாரின் மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவின் பிரதி வந்தது. விலாசம் அதே மாளிகைதான். தகப்பனின் தொழில் என்ற இடத்தில், 'குசினியில் பாத்திரம் கழுவுபவர்' என்றிருந்தது.

பக்கத்தில் நின்று கழுவிக்கொண்டிருந்த சித்தப்பா பதறிவிட்டார்.

"அண்ணை, பிரபு எண்டே சொல்லிவிடுங்கோ. ஆர் போய்ப் பாக்கப்போகினம்? அண்ணியும் பிள்ளையும் வரவேணுமெல்லோ?"

"வரத்தான் வேணும். அதுக்காக ஒருத்தன்ரை பரம்பரையை மாத்திறதோ? கந்தோரிலை ஒரு எழுத்தைக்கூட நான் மாத்தினதில்லையடா."

அப்படிச் சொன்னவர், உடுப்புப் பெட்டியை அடுக்கிவைத்துவிட்டுத்தான் முதலாளியிடம் போனார். அப்பா நேர்மையானவர். துணிச்சல்காரர் என்றும் எழுதினால் சித்தப்பா சிரிப்பார்.

முதலாளி பிரதியை வாசித்தார், சிங்கத் தட்டைப் பார்த்தார், மூன்று நாள் குசினிப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் கடிதத்தை நீட்டினார். முதலாளிக்குப் பிடிக்காத உண்மையையே சொல்லுகிறவர் அரசாங்கத்துக்குப் பொய் சொல்லமாட்டார் என்று அதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் புண்ணியத்தில் நாங்கள் வந்து சேர்ந்தபோதும் அப்பாவின் பெட்டி பிரிக்கப்படாமல் தயாராகவே இருந்தது.

கடைசி நாட்களில், ஊசி போட வந்த தாதியிடமும், "தகப்பனார் எந்த ஊர்?" என்றுதான் விசாரித்தார்.

அப்பாவைப் பராமரித்த மருத்துவர்கள், தாதியர், இறுதிக் கிரியைகளில் எங்களோடு நின்ற உறவுகள், நண்பர்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறோம். இன்னும் ஒருவருக்குத் தனியாக நன்றி சொல்லவேண்டும். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று மண்டபக் குசினியில் அந்த முதலாளி, கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கோப்பை கழுவினார். அம்மா ஓடிப்போய்த் தடுத்தார். அவர் தட்டை விடவில்லை.

"விடுங்கள் அம்மா, இது எங்கள் பரம்பரைத் தொழில்" என்றார்.

அப்பா போன பிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.