வரதராசாவின் கறுப்புத் துலிப்புகள்

ஒக்டோபர் மழையில் நகரசபைப் பூப்பாத்தியில் முழங்காலிட்டுத் துலிப் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தபோதுதான் கோபிஷா கேட்டாள், இந்தக் கறுப்புப் பூக்களுக்கு நடுவில் கொஞ்சம் வெள்ளையும் வைத்தால் என்ன என்று. பின்னால் கரும்பச்சை வேலி, கீழே ஈர மண்; வெறும் கறுப்பென்றால் தள்ளி நின்று பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது என்றாள். குடையின் கீழ் நின்ற வரதராசா சிரித்தார். தொழிற்பள்ளியில் இதைத்தான் சொல்லித் தந்தவர்களோ என்று கேட்டார். ஓம் என்றாள்.

"பிள்ளை, நீ பிறக்க முதலே நான் இந்த ஊருக்குப் பூ வைச்சவன்."

மிச்சம் எண்ணூறு கிழங்கையும் நட்டாள்.

சுவிஸில், வில் என்ற ஊருக்குப் பக்கத்துச் சிறு நகரம் அது. தொண்ணூறில் அகதியாக வந்த வரதராசா, ஏழு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு அந்த நகரத்தின் தோட்ட வேலையில் சேர்ந்தவர். அதுவரை அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குழுத் தலைவராக்கிய நாளிலிருந்து அவர் முழங்காலில் யாரும் மண்ணைக் கண்டதில்லை. நகரசபைச் சின்னம் பொறித்த பச்சை ஜாக்கெட்டைக் கோயில் தேருக்கும் போட்டுக்கொண்டு போவார். கல்யாண வீடுகளில் மணவறைப் பூவைப் பார்த்து உச்சுக்கொட்டுவார். அந்த மாசியில், கிழங்கு முளைவிட முன்பே, இணையத்தில் எடுத்த கறுப்புத் துலிப் படமொன்றை "என்ர தோட்டம்" என்று கனடா வரைக்கும் அனுப்பிவிட்டார்.

சித்திரையில் பூக்கள் குறையில்லாமல் பூத்தன. கிட்டப் போனால் கத்தரிக்காய்த் தோல்போல மினுங்கின. பத்தடி தள்ளி நின்றால் வெறும் மண். எப்போது நடப்போகிறீர்கள் என்று ஒரு கிழவி கோபிஷாவிடம் விசாரித்தாள். வசந்தக் காட்சியைப் படமெடுக்க வந்த உள்ளூர்ப் பத்திரிகைக்காரர், பாத்திக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரே இருந்த பாலர் பாடசாலையின் மஞ்சள் பூக்களை எடுத்துக்கொண்டு போனார்.

மேலதிகாரி வரதராசாவிடம் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், எழுத்தில் விளக்கம் கேட்டார். கோபிஷாவின் தற்காலிக வேலை யூன் மாதத்தோடு முடிகிறது. அதை நிரந்தரமாக்குவதா என்று அதே கிழமைதான் முடிவெடுக்க இருந்தார்கள். இது வரதராசாவுக்கும் தெரியும்.

கருவிகள் வைக்கும் கொட்டிலுக்குள் அவளைக் கூப்பிட்டு, முதல் தடவையாகப் பெயர் சொல்லிக் கதைத்தார்.

"கோபிஷா, வெள்ளைக் கிழங்குப் பெட்டியை நீதான் மறந்து விட்டிட்டாய் எண்டு எழுதிக் குடம்மா. உனக்கென்ன, வயசு கிடக்கு, வேற வேலை எடுப்பாய். நீயே எழுது, என்ன? உன்ர டொச் வடிவு."