தண்டல் வீட்டு ஜைனம்பக்கா

ஜைனம்பக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தாள். "ஆன்ட்டி... உம்மா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுகைக்கு எழுப்பப் போனேன்..." அதற்கு மேல் அழுகைதான்.

ஈசூனிலிருந்து மார்சிலிங் போக வேண்டும். கிளம்புவதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன். அங்கே போய் அந்த முகத்தைப் பார்த்துவிட்டால் எழுத வராது.

ஐம்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் சிங்கப்பூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். மலாயாவுக்குப் போகிற டிரங்க் கால் எல்லாம் எங்கள் கை வழியாகத்தான். பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

அவர் முழுப்பெயர் ஜைனம்பு தண்டல். நம் ஆட்களுக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரோடு சரி. அக்காவுக்கு மட்டும் வெள்ளைக்காரர் மாதிரி ஒரு வால்!

விடுவேனா? அவர் உள்ளே வந்தாலே, "தண்டல் வந்தாச்சு, காசை எடுத்து வைங்க லா" என்று ஆரம்பிப்பேன். ஊர்ப் பக்கம் தண்டல் என்றால் வசூல்தானே.

"கடன் தண்டல் இல்லடி. கடல் தண்டல்," என்பார் அக்கா.

நாகூர்க் கரையில் பாய்மரக் கப்பலை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயராம். முன்னோரில் யாரோ ஒருவர் அப்படி. அவர் வழி வந்தவர்கள் தண்டல் வீட்டுக்காரர்கள். கப்பல் போன துறைக்கெல்லாம் ஒருவர் இருவராகப் பிரிந்து போனார்கள்... சிங்கப்பூரில் அந்தப் பெயர் அக்காவிடம் மட்டும்தான் இருந்தது.

அக்காவின் வாப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் வேலைக்குப் போனவர். அவர் அங்கே இறந்த செய்தியை உடன் வேலை பார்த்தவர்கள்தான் வந்து சொன்னார்கள். அவருடைய தம்பி ஒருவர் சண்டைக்கு முன்பே மலாயாப் பக்கம் போயிருந்தார். எந்த ஊர் என்று தெரியாது. பெயர்கூடத் தெரியாது. உம்மா தன் கொழுந்தனைச் 'சின்னத் தண்டல்' என்றே சொல்லிப் பழகியவர்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குத் தேக்காவில் தையல் கடை.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "எனக்கு ஒரு வலி வேணும்டி சரோ," என்றார்.

"ஏன்க்கா, இருக்கிற வலி போதாதா?"

விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம்தான் விளக்கினார். நிக்காஹ்வில் பெண்ணைக் கொடுக்க அவள் வாப்பா வழி ஆண் ஒருவர் நிற்க வேண்டும். அவருக்குப் பெயர்தான் வலி. அப்படி யாரும் இல்லையென்றால் காஜியே நின்று முடித்துவைப்பார்.

"அப்ப காஜி நிக்கட்டுமேக்கா."

"யாருமே இல்லாதவளுக்குத்தான் காஜி. எனக்குத்தான் பேரு இருக்கே."

தேட ஆரம்பித்தார். லைன் கொடுத்து முடித்ததும், அந்தப் பக்கத்து ஆபரேட்டர் தமிழ் ஆளாக இருந்தால் ஒரே ஒரு கேள்வி. "உங்க ஊர்ல தண்டல்னு யாராச்சும் இருக்காங்களா?" சூப்பர்வைசர் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் கேட்டு முடித்துவிடுவார். என்ன தைரியம்!

பதில் வந்தது பாருங்கள்... ஈப்போவில் ஒரு கூட்டமே இருந்தது. கிள்ளானில் தடுக்கி விழுந்தால் தண்டல். அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

விசாரித்தால்... ரோட்டு வேலை, ரயில் வேலை, எங்கே கூலி ஆட்கள் இருந்தாலும் அவர்களை வேலை வாங்குகிறவருக்கு அங்கெல்லாம் தண்டல் என்றுதான் பெயர். முனியாண்டித் தண்டல், பெருமாள் தண்டல்...

"ஊரு பூரா தண்டல், ஒருத்தரும் சொந்தமில்ல," என்றேன். நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன்.

அக்கா விடவில்லை. யோசித்து யோசித்து, கேள்வியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார். "தண்டல் வீடுன்னு யாராச்சும் இருக்காங்களா?"

வேலையில் தண்டலாக இருப்பவர் தன்னைத் தண்டல் வீடு என்று சொல்லிக்கொள்ள மாட்டார். வீடு என்றால் வம்சம். முனியாண்டியும் பெருமாளும் அந்த ஒரு சொல்லில் கழன்றுகொண்டார்கள். அந்த மூளையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

பினாங்கு ஆபரேட்டர்தான் சொன்னார். "தண்டல் வீடா? தோணித்துறையில ஒரு பாய் அப்படித்தான் சொல்லிக்குவாரு. இருங்க, ஆள் விட்டு விசாரிக்கிறேன்."

அந்த பாயை ஒரு கடை போனுக்கு வரவழைத்தார்கள். அக்கா தன் டியூட்டி முடிந்த பிறகு, எல்லாரையும் போல முறையாக கால் புக் பண்ணினார். லைன் கொடுத்தது நான். சரியாகக் கிடைத்ததா என்று பார்க்க ஆபரேட்டர் கொஞ்சம் கேட்கத்தான் வேண்டும்... நான் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டேன்.

"ஹலோ... யாரு?"

"தண்டல் வீட்டுப் புள்ள பேசுறேன், சிங்கப்பூர்லேர்ந்து." வாப்பாவின் பெயரையும் சொன்னார்.

இரைச்சலுக்கு நடுவே அந்தப் பக்கத்துக் குரல் எழும்பியது.

"அண்ணன் மவளா? யா அல்லா... அண்ணன் பக்கத்துல இருக்காரா? போனை அவருட்ட குடு தாயி."

அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷமாகத் தெரியாது.

அக்காவின் குரல் நடுங்கவில்லை. எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். அந்தப் பக்கம் அழுது ஓயும்வரை காத்திருந்தார். அப்புறம்தான், "சாச்சா, நீங்கதான் வந்து எனக்கு வலியா நிக்கணும்," என்றார்.

வந்தார் அந்தச் சாச்சா, அக்காவின் சித்தப்பா. ரயிலேறி, பினாங்கு ஜாதிக்காய் ஊறுகாயோடு வந்தார். அண்ணனின் சாயலை அவரிடம் பார்த்ததுமே உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நிக்காஹ் அன்று திரைக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். காஜி சொல்லச் சொல்ல, சாச்சா திருப்பிச் சொல்ல வேண்டும். பெண்ணின் பெயர் வரும் இடத்தில் நின்றுவிட்டார். "என் அண்ணன் மவ... என் அண்ணன் மவ..." அதைத் தாண்டி அவருக்குக் குரல் வரவில்லை.

கல்யாணப் பெண் தலை குனிந்து வாய் திறக்காமல் இருக்க வேண்டும். அக்கா நிமிர்ந்தார். எக்ஸ்சேஞ்சில் ஊர்ப்பெயர் சொல்லும் அதே கணீர்க் குரலில், திரையைத் தாண்டிக் கேட்கும்படி...

"ஜைனம்பு. தண்டல் வீடு."

சாச்சா அதைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தார்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம். கிளம்புகிறேன்.

போய் வாங்கக்கா... உங்கள் வாப்பாவை நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.