நேரம் சொல்லாத குரல்

போடிக்கு ரயில் நின்றுபோய், ரொம்ப வருஷம் கழித்து மறுபடி வந்ததே, அதற்கு அடுத்த ஐப்பசியில் நடந்தது இது. ரயில் வந்த அன்றைக்கு எங்கள் எஸ்டேட்டிலிருந்து ஒரு ஜீப்பு நிறைய ஆட்கள் போடிமெட்டு வழியாக இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். எனக்கு முழங்கால் வீங்கிக் கிடந்ததால் போகவில்லை. வீட்டுக்காரி போனாள். திரும்பி வந்து, "பழைய ரயிலு மாதிரி கூவல, கன்னுக்குட்டியத் தேடுற மாடு மாதிரி கத்துது" என்றாள்.

தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் போனதில்லை. இதையும் நான் சொல்லச் சொல்ல வேறொருவர்தான் எழுதுகிறார். இன்ன மழை, இன்ன மண்சரிவு, இன்னார் வீட்டுச் சடங்கு என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் காலத்தைத் தேடிப் போவேன். என் தாயார் செத்தபோது நான் மலைமேல் இருந்தேன். ஊரிலிருந்து ஓர் ஆள் நடந்தே ஏறி வந்தான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி அவன் சொன்ன முதல் வார்த்தை, "நேத்து வெளக்கு வக்கிற நேரம்." அதற்குப் பிறகுதான் சாவைச் சொன்னான். அந்தக் காலத்தில் சாவு சொல்ல வருகிற எவனும் அப்படித்தான். அடக்கத்துக்கு ஓட வேண்டுமா, இல்லை பதினாறாம் நாளுக்குப் போனால் போதுமா என்று கேட்கிறவன் அதை வைத்துத்தான் முடிவு செய்வான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்று பிறகு தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் தேவாரத்துக்கு மேற்கே மலையடி. வேலை மலைமேல், கேரள எல்லைக்குள், ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில். காய் எடுக்கும் பருவத்தில் அடுப்புத் தீ அணையக் கூடாது என்பதால் நான் அங்கேயே தங்கிவிடுவேன். ஜீப்பில் போடிமெட்டைச் சுற்றி வந்தால் பாதி நாள் போய்விடும். அதனால் எங்கள் ஊர்ப் பெண்கள் விடியக் கருக்கலில் ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்து காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் அதே பாதையில் இறங்குவார்கள். அந்த வருஷம் ஆறு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி என் வீட்டுக்காரி.

அந்தப் பாதையில் அந்த வருஷம் ஒரு யானை இருந்தது. ஒத்தை யானை. மலையடியில் மக்காச்சோளம் கதிர் பிடித்த நாளிலிருந்து இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒரு மாசத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரைத் தூக்கிப் போட்டிருந்தது. அவர் பிழைத்தார், ஆனால் எழுந்து நடக்கவில்லை.

அதற்காகத்தான் செல்போனில் யானைக் குரூப்பு தொடங்கினார்கள்.

செல்போன் எங்களிடம் வந்து சேர்ந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். முதலில் தேவாரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட போன் பூத்து. பிறகு பட்டன் செல். அதில் பேச்சு மட்டும். அப்புறம் திருப்பூரில் இருக்கிற மகன், தான் வைத்திருந்த டச் செல்லைக் கொடுத்தான். படம் வந்தது. சினிமா வந்தது. பேரன் பிறந்த அன்றைக்கே முகம் வந்தது. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது குரல் அனுப்புவதுதான். எழுதத் தெரிய வேண்டாம். மைக்குப் படத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு பேசினால் போதும், போய்விடும். எங்கள் குரூப்பு முழுக்கக் குரல்தான். எழுத்துத் தெரிந்தவர்கள்கூட எங்களுக்காக வாயால்தான் சொன்னார்கள்.

ஆனால் எஸ்டேட்டில் டவர் கிடைக்காது. கேரளாக்காரர்கள் 'ரேஞ்சு இல்லா' என்பார்கள், நாங்கள் 'டவர் இல்ல' என்போம், இல்லாதது ஒன்றுதான். ஸ்டோருக்கு மேலே ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. அதன் உச்சியில் நின்றால் மட்டும் கொஞ்சம் எடுக்கும். டவர் பாறை என்றே பேராகிவிட்டது. அங்கேயும் அந்தப் பக்கத்து டவருக்கும் இந்தப் பக்கத்து டவருக்கும் நடுவே செல் திண்டாடும். திடீரென்று பிடித்துவிட்டால் அன்றைக்கு வந்தது பூராவும், கூட்டைத் திறந்துவிட்ட கோழி மாதிரி ஒன்றின்மேல் ஒன்று வந்து விழும்.

பெண்கள் இறங்குவதற்கு முன்னால் நான் பாறைக்குப் போய் யானை எங்கே என்று கேட்டு வர வேண்டும். நான் 'எறங்கு' என்றால் இறங்குவார்கள். 'இரு' என்றால் இருப்பார்கள். ஆறு பேருடைய உயிரும் என் காதில் இருந்தது.

அன்றைக்குப் பகல் முழுதும் மூடுபனி. மழை வரும்போல இருந்ததால் சீக்கிரமே காயைக் கொண்டுவந்து கொட்டிவிட்டு, பால் இல்லாத கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பாறையில் ஏறினேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு செல் இரண்டு தடவை துடித்தது. குரூப்பில் இரண்டு குரல் வந்திருந்தது, இரண்டும் என் மச்சினனுடையவை. வீட்டுக்காரியின் தம்பி அவன். மலையடியில் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சோளம் போட்டிருந்தான். முதல் குரல் திறந்தது.

"மாமா, ஒத்தை யானை ஓடையத் தாண்டி ராசிங்காபுரம் பக்கமாப் போயிருச்சு. தடம் காலியாக் கெடக்கு. பொம்பளைக பயப்படாம எறங்கலாம்."

இரண்டாவது திறக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. காத்திருந்தேன். டவர் போய்விட்டது. தூறல் விழுந்தது. நான் இறங்கிவிட்டேன்.

"என்ன சொல்றான் எந்தம்பி?" என்றாள் வீட்டுக்காரி.

"வடக்கால போயிருச்சாம். தடம் காலியாம்."

"ரெண்டு தடவ கேட்டீங்களா?"

"கேட்டேன். இன்னொண்ணும் அனுப்பியிருக்கான், அது சுத்திக்கிட்டே நிக்குது."

கூட இருந்த ஒருத்தி சொன்னாள்: "கெடாவெட்டுக்குக் கூப்பிட அந்த அண்ணன் ஒரே பேச்ச மூணு தடவ அனுப்புச்சு. அதுவும் இதுவாத்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு ஆறு பேரும் இறங்கினார்கள். பனி அவர்களை மூடிக்கொண்டது.

நான் அடுப்பில் விறகைத் தள்ளினேன். தனியாக இருக்கும்போது வந்த குரலைத் திரும்பப் போட்டுக் கேட்பது என் வழக்கம், துணைக்கு ஆள் இருப்பது மாதிரி இருக்கும். மச்சினன் குரலைப் போட்டேன். பாறையில் காற்று இருந்தது, ஸ்டோருக்குள் காற்று இல்லை. அதனால் அவன் பேச்சுக்குப் பின்னால் வேறொரு சத்தம் கேட்டது. பிள்ளைகள் கும்பலாகப் பாடினார்கள். நன்றாகத்தான் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு விறகை எடுத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. அது பள்ளிக்கூடத்துப் பிரேயர். பிள்ளைகள் காலையில் வரிசையாக நின்று பாடுவது.

தடம் காலி என்று அவன் சொன்னது இப்போது இல்லை. காலையில்.

எனக்குக் குரல் என்றால் இப்போது என்றுதான் அர்த்தம். பிறந்ததிலிருந்து அப்படித்தானே கேட்டிருக்கிறேன். ஒருவன் கூப்பிட்டால் அவன் இப்போது கூப்பிடுகிறான். காலையில் பேசியது மலையேறி வர முடியாமல் எங்கேயோ தங்கிக் கிடந்து, மத்தியானத்துக்கு மேல் அப்போதுதான் பேசியது மாதிரி வந்து நிற்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை.

பாறைக்குப் போய் அடுத்த குரலைக் கேட்கலாமா, பாதையில் இறங்கலாமா? பாறைக்குப் போனால் டவர் எப்போது வரும் என்று யார் கண்டது? ஊன்றுகம்பை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினேன். கூவிக் கூப்பிட முடியாது. யானைத் தடத்தில் சத்தம் கூடாது என்பது எங்கள் கட்டு. எங்கே நிற்கிறது என்று தெரியாமல் சத்தம் கொடுத்தால் அதன் வாய்க்கு நேராக ஆளைத் தள்ளியது மாதிரி ஆகிவிடும். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் கத்தியது. கால் நிறைய அட்டை. வழியெல்லாம் வேறு ஞாபகமே இல்லை, வீட்டுக்காரி காலையில் கட்டியிருந்த சேலையின் நிறம் என்ன என்று மட்டும் யோசித்துக்கொண்டே போனேன். பிடிபடவில்லை.

மூங்கில் திருப்பத்துக்கு முன்னால் அவர்களைக் கண்டேன். ஒருத்தி தோளில் ஒருத்தி கை வைத்தபடி வரிசையாக நின்றார்கள். ஒருவரும் திரும்பவில்லை. காற்று இல்லை, ஆனால் முன்னால் மூங்கில் ஆடியது. வாடை அடித்தது. பனிக்குள் நனைந்த பாறை மாதிரி ஒன்று தெரிந்தது. அந்தப் பாறை மூச்சு விட்டது.

நான் கடைசிப் பெண்ணுக்குப் பின்னால் போய் நின்றேன். பின்னாலேயே நகருங்கள் என்று சொல்லக் கையைத் தூக்கினேன். அந்த இடத்தில் என் சட்டைப்பைக்கு டவர் கிடைத்தது.

ஆள் கூப்பிட்டால் அடிக்கிற மணியாக மகன் செல்லில் நாதஸ்வரம் வைத்துக் கொடுத்திருந்தான். கல்யாணத்தில் தாலி கட்டும்போது வாசிப்பார்களே, அது. காட்டுக்குள் அது எப்படிக் கேட்டது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்ல வார்த்தை இல்லை. எடுத்துத் தேய்த்தேன். கை ஈரம். ஈரக் கையைக் கண்ணாடி மதிக்காது. மறுபடி தேய்த்தேன். நாதஸ்வரம் நிற்கவில்லை. யானை திரும்பியது. காது இரண்டும் விரிந்தன.

வீட்டுக்காரி முன்னாலிருந்து அத்தனை பேரையும் ஒதுக்கிக்கொண்டு வந்தாள். என் கையிலிருந்து செல்லைப் பிடுங்கி, இடது பக்கப் பள்ளத்தில் வீசினாள். அது முட்டி மோதிக்கொண்டு போய் எங்கேயோ புதரில் தங்கியது. தங்கியும் நிற்காமல் வாசித்தது. யானை கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தது. பிறகு மூங்கிலை முறித்துக்கொண்டு அந்தச் சத்தத்தை நோக்கி இறங்கியது. சத்தம் நின்றது. எங்கள் உயிரும் நின்றது. மறுபடி வாசித்தது. மச்சினன் விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தான். நாங்கள் முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு அடியாகப் பின்னாலேயே ஏறினோம்.

ஆறு பேரும் அன்றைக்கு ஸ்டோரிலேயே தங்கிவிட்டார்கள். மறுநாள் வெயில் வந்த பிறகு மச்சினன் வெடியும் ஆட்களுமாக ஏறி வந்தான்.

"ஏழு தடவ அடிச்சேன் மாமா. ஏன் எடுக்கல?"

"யானை எடுக்கத்தான்டா போச்சு. அதுக்குள்ள நீ கட்டு பண்ணிட்ட" என்றாள் வீட்டுக்காரி.

அவன் சிரிக்கவில்லை. உச்சிப்பொழுதிலேயே யானை திரும்பி மூங்கில் பக்கம் ஏறியதைப் பார்த்துவிட்டு, 'எறங்காதீங்க' என்று அனுப்பியிருக்கிறான். அந்தக் குரல்தான் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"கொரலுக்குக் கீழ மணி போட்டுருக்குமே மாமா. பாக்கலையா?"

"எங்கன?"

அவன் தன் செல்லில் காட்டினான். பொடி எறும்பு ஊர்கிற மாதிரி ஏதோ இருந்தது. இத்தனை நாளும் அதைக் கண்ணாடி அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருக்கிறேன்.

வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சோறு போடும்போது சொன்னாள்: "ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. ரெண்டு தடவ கேட்டீங்களான்னு கேட்டேன். எப்பச் சொன்னான்னு நானும் கேக்கலயே."

இப்போது டவர் பாறைக்கு மேலேயே ஒரு டவர் வரப்போகிறது என்கிறார்கள். ஆட்கள் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இனிமேல் வட்டம் சுற்றாதாம், கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுமாம். மரத்தில் கேமரா கட்டினால் யானை வருவதைப் பார்த்து அதுவே எல்லோர் செல்லுக்கும் சொல்லுமாம். நடக்கும். நான் நம்புகிறேன். பட்டன் செல் வந்தபோது முகம் வரும் என்று சொன்னவனைக் கேலி செய்தவன் நான், இனிமேல் செய்ய மாட்டேன்.

ஆனால் எவ்வளவு வேகமாக வந்தாலும், வாங்குகிறவன் பள்ளத்தில் நின்றால், செல் சார்ஜ் இல்லாமல் படுத்தால், மழையில் டவர் படுத்தால், பேச்சு எங்கேயாவது தங்கத்தான் செய்யும். அதனால் எங்கள் குரூப்பில் ஒரு கட்டு வைத்தோம். என் மச்சினன் இப்போது இப்படித்தான் தொடங்குகிறான்: "மாமா, வெசாழக்கெழம, மணி பத்தே கால், தேவாரம் பஸ்சு இப்பத்தான் போகுது." அதற்குப் பிறகுதான் யானை. நேரம் சொல்லாத குரலைக் கேட்டு மலையில் ஒருத்தரும் காலை எடுத்து வைப்பதில்லை.

எங்கள் பாதைக்கு இது போதும். மற்ற பாதைகளிலும் பெண்கள் இறங்குகிறார்கள், அங்கேயும் என்னைப்போல் எழுத்துத் தெரியாத ஒருவன் பாறையில் நின்று கேட்டுச் சொல்கிறான். மலைமேல் உங்களுக்குச் சொந்தமோ பழக்கமோ இருந்தால், வாயைத் திறந்ததும் முதலில் நேரத்தைச் சொல்லச் சொல்லுங்கள். செல்லில் சொன்னாலும் சரி, நடந்து போய்ச் சொன்னாலும் சரி, இதை அவர்களிடம் சேர்த்துவிடுங்கள்.